எச்.பி.வி. தடுப்பூசி: கடற்கரை ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியில் இருந்து வாலிநோக்கம் வரை உள்ள கடற்கரை ஊர்களின் ஜமாஅத் நிர்வாகிகள், பங்குப் பேரவைப் பெரியவர்கள், மீனவர் சங்கத் தலைவர்கள், ஊர்க்கமிட்டியார் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும்.

நான் இந்தக் கரையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் கொடுத்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் பற்றி நம் ஊர்களில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நீங்கள் இதுவரை அதைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாய் திறந்து பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் போனை என் கையில் கொடுத்து, “இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க நர்சம்மா” என்றார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல். பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. தனக்கு வேண்டியவர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஆரம்பிக்கிறார். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குப் போடப்போகும் ஊசியால் பிற்காலத்தில் கரு தங்காது, வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள், ஏற்கெனவே பிள்ளைகள் செத்திருக்கிறார்கள் என்று போகிறது பேச்சு. அனுப்பியது அந்தப் பெண்ணின் கணவர், சவூதியின் தம்மாமில் இருந்து. குரலுக்குக் கீழே ஒரே வரி: “ஸ்கூல்ல பேப்பர் குடுத்தா கையெழுத்துப் போடாத.”

அந்தத் தாய் பத்தாம் வகுப்பு படித்தவர். பிள்ளைக்குப் போட வேண்டிய எந்த ஊசியையும் தவறவிட்டவரில்லை. “அவங்க வேணாம்னுட்டாங்க. நான் மீறிப் போட்டு நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னையத்தானே கேப்பாங்க” என்றார். இதை அறியாமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் கரையில் தகப்பன்மார் பாதிப் பேர் கடலில், மீதிப் பேர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். படிவம் மட்டும் வீட்டில் இருக்கும் அம்மா கைக்கு வருகிறது. முடிவெடுக்கும் பொறுப்பும், பின்னால் ஏதாவது ஆனால் வாங்கும் பழியும் அவர் ஒருத்தி தலையில். அங்கே இருக்கிற கணவருக்கும் இங்கே இருக்கிற மனைவிக்கும் பொதுவாக நம்பிக்கையான குரல் எது? உங்களுடையதுதான். அதனால்தான் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் ஊரில் வேறு பெயரில் உலவுகிறது. பாசி எடுக்கப் போகும் பெண்களிடமும் கருவாடு காயப்போடும் பெண்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன பிறகு ரத்தம் படும். இடுப்பளவு தண்ணீரில் நாளெல்லாம் நிற்கிறோம், சூடு பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். வெள்ளைப்படுதலில் வாடை வரும். வெளியில் சொல்ல வெட்கப்பட்டுத் துணியை மாற்றி மாற்றிச் சமாளிப்பார்கள். இடுப்புவலியும் கால்வீக்கமும் வந்த பிறகு இராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. பயாப்சி எடுத்துப் பார்த்தால் மூன்றாவது கட்டத்தைத் தாண்டியிருக்கும். கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வாரக்கணக்கில் மதுரையில் தங்க வேண்டும். பாதியிலேயே திரும்பி வந்துவிட்டவர்கள் உண்டு. கடைசியில் ஊரில் சொல்வது “வயித்துக் கட்டி”. அந்த ஜனாஸாக்களிலும் அடக்கங்களிலும் நீங்கள்தான் முன்னால் நின்றீர்கள். இறந்தது எந்த நோயில் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2022-க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இதற்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா என்ற வைரஸ் என்று கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெரால்ட் சுர் ஹாசன். அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகை மட்டுமே பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். ஊசி முதன்மையாகத் தடுப்பது அந்த இரண்டைத்தான். வைரஸ் உடம்பில் தொற்றிப் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் எடுக்கும். அதனால்தான் 14 வயதுப் பிள்ளைக்குப் போடும் ஊசி எதற்கு என்று நமக்கு உடனே பிடிபடுவதில்லை. அது அவளுடைய நாற்பது வயதுக்காகப் போடும் ஊசி.

இனி, உங்களை வாய் திறக்கவிடாமல் செய்வது எது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தாம்பத்திய உறவில் தொற்றும் வைரஸுக்கு, வயசுக்கு வந்தும் வராத பிள்ளைக்கு ஊசியா, எங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்ற கோபம் அது. பள்ளிவாசலிலோ கோயிலிலோ இதை எந்த வாயால் பேசுவது என்ற சங்கடமும் கூட. இரண்டும் எனக்குப் புரிகின்றன. ஆனால் நான் பார்த்த நோயாளிகள் ஒருவரைக்கூட ஒழுக்கத்தில் குறை சொல்ல உங்களால் முடியாது. கணவரைத் தவிர இன்னொருவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். இந்த வைரஸ் ஆண்களிடமும் இருக்கும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. திருமணமாகிக் குடும்பம் நடத்தும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்துபோகிறது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிப்போன சிலருக்குத்தான் புற்று. யாரிடமிருந்து யாருக்கு என்று குற்றம் சாட்ட இதில் இடமே இல்லை. சின்ன வயதில் போடுவதற்குக் காரணம் இரண்டு: தொற்று வருவதற்கு முன் போட்டால்தான் பலன்; அந்த வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை நன்றாக உண்டாக்கும். கல்யாணம் முடிவான பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பலன் குறைந்துகொண்டே போகும்.

கரு தங்காது என்ற பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் தாய்மாரை ஆட்டிவைப்பது இதுதான். இந்த ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் கிடையாது. ஈஸ்டில் வளர்த்து எடுத்த புரதத்தால் ஆன, வைரஸின் வெளி உருவம் மட்டும் உண்டு. நம் கரையில் ஒதுங்கும் சிப்பி ஓட்டைப் போல, உள்ளே ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து உடம்பு எதிரியின் அடையாளத்தைக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஜெலட்டின் சேர்ப்பதில்லை, ஹலாலா ஹராமா என்று கேட்டவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. 2007-இல் ஆஸ்திரேலியா பள்ளிகளில் நாடு முழுக்கப் போட ஆரம்பித்தது. அன்று 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிக் குழந்தை குட்டிகளோடு இருக்கிறார்கள். ஊசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பு இருப்பதாக எந்தப் பெரிய ஆய்விலும் வரவில்லை. கர்ப்பப்பையை உண்மையில் பறிப்பது புற்றுநோய்தான். ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். முற்றிய பிறகு வைக்கிற கரண்ட் சினைப்பையையும் செயலிழக்க வைத்துவிடும்.

பிள்ளைகள் செத்தார்கள், சோதனை நடந்தது என்ற பேச்சை மட்டும் நான் ஒரேயடியாகப் பொய் என்று தள்ளமாட்டேன். அதற்குப் பின்னால் நடந்த ஒரு விஷயம் இருக்கிறது, அதை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் நம் அரசு அமைப்புகளோடு சேர்ந்து பல ஆயிரம் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. அவர்களில் ஏழு பேர் பின்னர் வெவ்வேறு சமயத்தில் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சி மருந்து, காய்ச்சல் என்று காரணங்கள். ஊசிதான் கொன்றது என்று விசாரணையில் வரவில்லை. ஆனால் அதே விசாரணை இன்னொன்றை வெளியே கொண்டுவந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்கு, பெற்றோரைக் கேட்காமல் வார்டன்கள் ஆயிரக்கணக்கான ஒப்புதல் படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் அதைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்தில் பிழை இல்லை, நடத்திய விதத்தில் பெரும் பிழை. பெற்றோரை மதிக்காமல் நடத்தினால் நல்ல மருந்தும் எப்படிப் பெயர் கெடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வாட்ஸ்அப் குரல் இன்றைக்கும் தின்று உயிர் வாழ்வது அந்தப் பிழையைத்தான்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அதே சமயத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்தியாவில் தனியாக ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். கம்மம் சர்ச்சையால் 2010-இல் ஊசி போடுவதை எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதனால் பல பிள்ளைகளுக்கு ஒரு டோஸோடு நின்றுபோனது. பத்து வருடம் விடாமல் பார்த்ததில், அந்த ஒரு டோஸே 16, 18 வகை வைரஸ் உடம்பில் தங்குவதைச் சுமார் 95 சதவீதம் தடுத்திருந்தது. 2021-இல் வெளியான அந்த முடிவும் சேர்ந்துதான், 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸே போதும் என்று 2022-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சொல்லவைத்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் உலகத்துக்குக் கொடுத்த விடை இது.

ஒரு மதத்தாரின் பெருக்கத்தைக் குறைக்கச் செய்யும் வேலை என்றும் சொல்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிக்காரர்களின் சொந்தக்காரர் பிள்ளைகள் மலேசியாவில் பள்ளிக்கூடத்திலேயே இதைப் போட்டுக்கொள்கிறார்கள், 2010-இல் இருந்து. பாகிஸ்தானில் 2025 செப்டம்பரில் ஆரம்பித்தபோது இதே மலட்டு வதந்தி அங்கும் கிளம்பியது. அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் எல்லோர் முன்னிலையிலும் தன் சொந்த மகளுக்கு ஊசி போடவைத்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தனுஷ்கோடியில் நின்றால் சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். இலங்கையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017-இல் இருந்து அரசே பள்ளியில் போடுகிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நம் மொழி பேசும், நம் மதங்களைப் பின்பற்றும் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். உங்களில் பலருக்கு அங்கே உறவு உண்டு. ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

வதந்தி ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. 2013-இல் சில பிள்ளைகளுக்குக் கைகால் வலி, வலிப்பு என்று செய்திகள் வந்ததும் அரசு இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. ஏறக்குறைய 70 சதவீதம் பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்த அறிகுறிகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. பழையபடி பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது. இடையில் வளர்ந்த பெண்களில் சில ஆயிரம் பேர் வருங்காலத்தில் இந்த நோயில் இறக்கக்கூடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து: 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்ததாகப் பதிவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள்.

ஊசிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். கை வலிக்கும், வீங்கும், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் வரும். அதற்கான மருந்து ஊசி போடும் இடத்திலேயே தயாராக இருக்க வேண்டும். மயக்கம்தான் நாம் எதிர்பார்த்திருக்க வேண்டியது. காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை, ஊசியைப் பார்த்த பயம், வரிசையில் நின்ற களைப்பு, பொத்தென்று விழும். ஒன்று விழுந்ததைப் பார்த்து இன்னொன்று விழும். கொலம்பியாவில் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில் 2014-இல் இப்படித்தான் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசியில் குறை இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த நாட்டில் ஊசி போடுவது சரிந்துவிட்டது. சாப்பிட வைத்து, உட்கார வைத்துப் போட்டு, பிறகு 15 நிமிடம் உட்கார வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாடு முழுக்க ஊசி போடும் கடைசி நாளைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. அன்று ஊசி போட்ட பிள்ளைகள் இன்று காலேஜ் போகிறார்கள், படகில் போகிறார்கள், உங்கள் கண் முன்னால்தான் இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து நின்ற இடங்களில் இரண்டே நாளில் வேலை முடிந்தது. மற்ற இடங்களில் நாங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கினோம்.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாக இலவசமாகப் போடுவதாகச் சொல்லி 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. வெளியில் போட்டால் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் உள்நாட்டு ஊசியே ஒரு டோஸ் 2000 ரூபாய் என்ற விலையில் வந்தது. வசதி உள்ளவர்கள் மதுரைக்குக் கூட்டிப்போய்ச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு வருகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அரசு ஊசியை வேண்டாம் என்று ஊர் சொன்னால் இழப்பு பாசி எடுக்கிறவர் மகளுக்கும் கருவாடு காயப்போடுகிறவர் மகளுக்கும்தான்.

அதனால் நான் கேட்பது இதுதான். பள்ளியில் படிவம் கொடுப்பதற்கு முன், மதரஸா கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஒரு கூட்டம் போடுங்கள். வட்டார மருத்துவ அலுவலரை நீங்களே எழுதிக் கூப்பிடுங்கள். ஊர் கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார்கள். பெண்கள் வந்து உட்காரும் நேரமாக, சாயங்காலம் வையுங்கள். எழுந்து நின்று கேட்கக் கூச்சப்படுவார்கள், பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். ஊசி அவர்கள் கையில்தானே ஏறப்போகிறது. துறையிடமும் கறாராகக் கேளுங்கள்: படிவம் வாசித்துப் புரியும் தமிழில் இருக்க வேண்டும், முதல் நாள் சாயங்காலம் தராமல் ஒரு வாரம் முன்னதாகத் தர வேண்டும், ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் போடுவது என்று அதில் எண் இருக்க வேண்டும். கம்மத்தில் நடந்தது இங்கே நடக்காமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. கேட்டும் மனம் ஒப்பாத பெற்றோரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கட்டாயப்படுத்தவும் விடாதீர்கள்.

தகப்பன்மாரை விட்டுவிடக் கூடாது. ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். பெருநாளுக்குச் சவூதியில் இருந்தும் துபாயில் இருந்தும் வருகிறார்கள். வர முடியாதவர்களுக்காக, ஊர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரலில், உங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லி ஒரு பதிவு போடுங்கள். பெயர் சொல்லாமல் பேசியவரை விடப் பெயர் சொல்லிப் பேசுகிறவர் பேச்சுக்கு நம் ஊரில் எடை அதிகம். அந்த வயதில் உங்கள் வீட்டில் மகளோ பேத்தியோ இருந்தால், முதல் நாள் முதல் ஆளாக அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கூட்டத்துக்கு வரும் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு போடும் இந்த ஊசி அவர்களுக்கு இல்லை, பரிசோதனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டுவைத்துப் பார்ப்பார்கள். சில நிமிடம் ஆகும், காசு இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் இந்த ஒரு எளிய பரிசோதனையால் இந்த நோயில் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் ஆய்வு வெளியானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். ஊசி போட்ட பிள்ளைகளும் அந்த வயது வரும்போது இதைச் செய்துகொள்ள வேண்டும்.

என்னைக் கூப்பிட்டால் எந்த ஊருக்கும் வருகிறேன். ஜும்ஆ முடிந்த பிறகோ, ஞாயிறு பூசைக்குப் பிறகோ, சங்கக் கூட்டத்தின் நடுவிலோ, எப்போது என்று நீங்கள் சொல்லுங்கள். பெண்கள் பக்கம் ஒரு மைக் மட்டும் வைத்துக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.